வெள்ளைப் பொடவை பேய் போதும் மக்களே: ஹாலோவீனுக்கு யாருக்கும் தோணாத காஸ்ட்யூம் யோசிக்கிறது எப்படி

குன்னூர்ல ஃப்ரெண்டு வீட்டு மாடியில ஹாலோவீன் பார்ட்டி, மொத்தம் பதினோரு பேரு, அதுல நாலு பேரு வெள்ளைப் பொடவை பேய், மூணு பேரு ஆன்லைன்ல வாங்குன அதே கருப்பு அங்கி. அந்த நாலு பேய்ல நானும் ஒருத்தி, அதனால யாரையும் கிண்டல் பண்ற தகுதி எனக்கு கிடையாது. ஆனா ராத்திரி பூரா எல்லாரும் ஒரே ஒரு பொண்ணு கூடத்தான் செல்ஃபி எடுத்தாங்க. தலையில பெருசா ஒரு கொண்டை, கொண்டை பூரா ஊசி, ஒவ்வொரு ஊசியிலயும் குட்டியா மஞ்சள் சீட்டு, அதுல 1/36, 2/36ன்னு நம்பர். புரிஞ்சுதா? ஊட்டியில இருந்து மசினகுடி இறங்குற கல்லட்டி ரோடு, 36 கொண்டை ஊசி வளைவு! கடைசி ஊசியில ஒரு பொம்மை கார் வேற தொங்குது. மொத்த செலவே நூறு ரூபா தாண்டாது.

அன்னைக்கு மண்டையில ஏறுனதுதான் இந்த முறை. வரையத் தெரியாது, தைக்கத் தெரியாதுன்னு சொல்றவங்களுக்கும் வரும்.

முதல்ல ஒண்ணு, "நமக்கு எதுக்கு இந்த வெள்ளைக்காரன் பண்டிகை"ன்னு வீட்ல யாராவது கேட்டா குலசேகரன்பட்டினம் தசராவை ஞாபகப்படுத்துங்க. பெரிய பெரிய ஆளுங்க காளி, குறத்தி, போலீஸ், கரடின்னு வேஷம் கட்டிக்கிட்டு நடக்குறாங்க, வேஷம் நமக்கு என்ன புதுசா? அயர்லாந்து பக்கம் பழைய நம்பிக்கை என்னன்னா அக்டோபர் 31 ராத்திரி செத்தவங்க ஆவி வெளிய சுத்தும், அதுங்க நம்மள அடையாளம் கண்டுபிடிக்காம இருக்கத்தான் வேஷம். 2024ல தீபாவளியும் அதே 31லயே வந்துச்சு, எங்க வீட்ல முறுக்கு சுட்ட கையோட பேய் மேக்கப் போட்டேன், அம்மா மூணு நாள் பேசல.

ஸ்டெப் 1: பேயை மறந்துட்டு ஊரை எழுதுங்க

ஒரு பழைய நோட்டு எடுத்து தினமும் கண்ணுல படுற 20 விஷயம் எழுதுங்க. டிராகுலா, சூனியக்காரி, எலும்புக்கூடு மூணுக்கும் தடா. நான் எழுதுனதுல பாதி இது: வர்க்கி (டீயில முக்கித் தின்ற எங்க ஊர் பேக்கரி ஐட்டம்), தேயிலைக் கொழுந்துக் கூடை, காட்டுமாடு, மலை ரயில், வெளியூர் வண்டி ஊட்டிக்கு வர எடுக்கிற இ-பாஸ், மஞ்சப்பை, தைலம், குறிஞ்சி, வரையாடு, பிளாஸ்டிக் தடைன்னு செக்போஸ்ட்ல புடுங்குற தண்ணி பாட்டில். பத்துக்கு மேல எழுத வரலைன்னா பஸ் ஸ்டாண்டுல போய் ஒரு டீ குடிச்சிட்டே உக்காருங்க, தானா வரும்.

ஸ்டெப் 2: ரெண்டே ரெண்டு கேள்வி

முழு வித்தையும் இங்கதான் இருக்கு, மெதுவா பண்ணுங்க.

முதல் கேள்வி, இந்தப் பேரை அப்படியே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? கொண்டை ஊசி வளைவு அப்படி வந்ததுதான். வரையாடு எடுங்க. வரைன்னா மலை, பாறை மேல நிக்கிற ஆடு, நம்ம மாநில விலங்கு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா "வரை"ன்னா படம் வரையிறதும்தானே? அப்ப அட்டையில ரெண்டு கொம்பு, கழுத்துல ஸ்கெட்ச் புக், காதுல பென்சில். பார்ட்டிக்கு வர்றவங்க மூஞ்சியை எல்லாம் கோணல்மாணலா வரைஞ்சு குடுங்க, அவ்ளோதான், ராத்திரி பூரா உங்களச் சுத்திதான் கூட்டம்.

ரெண்டாவது கேள்வி எனக்கு இன்னும் பிடிச்சது. நம்ம ஊர் பேய் எதுவும் சும்மா அலையாது, நிறைவேறாத ஆசை ஒண்ணு இருக்கணும், கிராமத்துல எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லும். அதனால லிஸ்டுல இருக்கிற ஒவ்வொண்ணையும் பாத்து "இது செத்துப்போனா எந்த ஆசையில ஆவியா அலையும்?"னு கேளுங்க. தண்ணி பாட்டிலுக்கு என்ன ஆசை? ஊட்டி பாக்கணும், ஆனா மலை ஏறுறதுக்குள்ள செக்போஸ்ட்லயே புடுங்கிட்டாங்க. ஆக, உடம்பு பூரா பழைய நீல நிற ஷால், தலையில வட்டமா மூடி மாதிரி ஒரு தொப்பி, மூஞ்சில கண்ணீர் கோடு, கழுத்துல அட்டை: "ஒரே ஒரு தடவை பொட்டானிக்கல் கார்டன் பாத்துட்டுப் போயிடறேன்". கூட வர்றவங்க மஞ்சப்பை மாட்டிக்கிட்டு கொலைகாரன் மாதிரி சிரிச்சா போதும். நிஜ பிளாஸ்டிக்ல இதைச் செஞ்சீங்கன்னா நீங்களே செக்போஸ்ட்ல மாட்டுவீங்க, துணியில பண்ணுங்க.

குறிஞ்சிக்கும் இதேதான். 2006ல பூத்துச்சு, 2018ல பூத்துச்சு, அடுத்து 2030. நைட்டி, தலைகாணி, தலையில ஊதாக் காகிதப் பூ, கழுத்துல அலாரம் டைம்பீஸ், முதுகுல "2030 வரைக்கும் எழுப்பாதீங்க". சோம்பேறிகளுக்குன்னே செஞ்ச வேஷம், சேர்லயே படுத்துக்கலாம்.

ஜோடியா போறவங்களுக்கு மலை ரயில். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது நீராவி இன்ஜின் முன்னாடி இழுக்காது, பின்னாடி இருந்துதான் தள்ளும், கவனிச்சிருப்பீங்க. அதனால முன்னாடி ஒருத்தர் பெட்டி, பின்னாடி ஒருத்தர் கரி பூசுன மூஞ்சியோட மூச்சு வாங்கிக்கிட்டே தள்ளணும். யாரு இன்ஜின்னு வீட்டுக்குள்ளயே முடிவு பண்ணிக்கோங்க, நான் அதுல தலையிடல.

ஸ்டெப் 3: டீக்கடை டெஸ்ட்

ஐடியாவை ஒரே வரியில ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. உடனே சிரிச்சா ஓகே. "அப்டின்னா?"ன்னு கேட்டா ஒரு பொருள் கூட சேருங்க, மூணு தடவை விளக்கியும் புரியலன்னா தூக்கிப் போட்டுடுங்க, பார்ட்டியில சத்தத்துக்கு நடுவுல விளக்கவே முடியாது.

இங்கயே இன்னொண்ணு. தோடர் சால்வை, படுகர் பாட்டிங்க கட்டுற வெள்ளைத் துணி, இதெல்லாம் லிஸ்டுல வந்தா அடிச்சிடுங்க. எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி தினம் கட்டுற துணி அது, அதைப் போட்டு நான் பேயா ஆடுனா அடுத்த நாள் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?

ஸ்டெப் 4: செய்யறது

அக்டோபர் கடைசின்னா வடகிழக்கு பருவமழை, குன்னூர் கோத்தகிரி பக்கம் நல்லா ஊத்தும். போன வருஷம் நான் அட்டையில செஞ்ச வர்க்கி, ஆட்டோல இருந்து கேட் வரைக்கும் போறதுக்குள்ள நெஜமாவே டீயில முக்குன வர்க்கி ஆயிடுச்சு. அட்டை வெச்சு பண்றவங்க வெளிப்பக்கம் அகலமான செல்லோ டேப் ஒட்டிடுங்க, முடிஞ்சா தனியா எடுத்துட்டுப் போய் அங்க மாட்டிக்கோங்க. ஸ்வெட்டர் போட்ட பிறகு அளவு எடுங்க, அதுக்கு முன்னாடி இல்ல, இல்லாட்டி குளிர்ல நடுங்கிட்டு கடைசில வேஷத்து மேலயே ஜெர்க்கின் போட வேண்டி வரும்.

இ-பாஸ் வேஷம் போடறவங்களுக்கு மட்டும்: ஃபோன்லயே இலவசமா க்யூஆர் கோடு உருவாக்கி, ஸ்கேன் பண்ணா "உங்க வண்டிக்கு அனுமதி இல்லை, திரும்பிப் போங்க"ன்னு வர்ற மாதிரி எழுதிடுங்க. ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிறவங்க ஸ்கேன் பண்ணணும்னா சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் வேணும், சுத்தி வெள்ளை ஓரம் விடணும், டி-சர்ட் மேல நேரா ஒட்டினா சுருங்கி ஸ்கேன் ஆகாது, அட்டையில ஒட்டி மாட்டுங்க.

மூஞ்சிக்கு போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயின்ட் ரெண்டும் வேண்டவே வேண்டாம். கோல்டு க்ரீம்ல சோள மாவு கலந்தா வெள்ளை, கண்மை போதும் கறுப்புக்கு. முந்தின நாளே முழங்கை உள்பக்கம் தடவிப் பாருங்க. பஞ்சு ஒட்டுன வேஷம்னா மெழுகுவர்த்தி பக்கம் போகாதீங்க.

விளக்குன்னதும் ஞாபகம் வருது, ஹாலோவீனுக்கு பூசணியில மூஞ்சி செதுக்கி விளக்கு வைக்கிறது அயர்லாந்துக்காரங்க அமெரிக்கா போன பிறகு வந்த பழக்கம், அயர்லாந்துல முதல்ல டர்னிப்லதான் மூஞ்சி செதுக்குனாங்க. நம்ம மார்க்கெட்லயே டர்னிப் கிடைக்குமே! உள்ள குடைஞ்சு குட்டி எல்இடி வெச்சு கையில பிடிச்சுக்கோங்க, பூசணியை விட பாக்க பயங்கரமா இருக்கும், மீதியை சாம்பார்ல போட்டுடலாம்.

காட்டுமாடு வேஷம் போட்டவங்க தயவு செஞ்சு ராத்திரி ரோட்டுல நடக்காதீங்க, நிஜ காட்டுமாடு எதிர்ல வந்தா அதுக்கு ஜோக் புரியாது. கரடியும் அப்படித்தான்.

ஒண்ணுமே தோணலையா, பார்ட்டிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கா?

மங்கி கேப், ரெண்டு ஸ்வெட்டர் ஒண்ணு மேல ஒண்ணு, கையில ஹோம்மேட் சாக்லேட் பை ரெண்டு, கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கண்மை. மே மாசம் ஊட்டி வந்து இறந்துபோன டூரிஸ்ட் ஆவி. உள்ள நுழைஞ்சதும் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் கார் சாவியை ஆட்டிக்கிட்டே கேளுங்க: "அண்ணா... இங்க பார்க்கிங் எங்கண்ணா?"