இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் பொங்கல் வைப்பது எப்படி?

தனிக்குடித்தனம் வந்தபின் வரும் முதல் பொங்கலில் பெரிய தலைவலி, யார் வீட்டு வழக்கப்படி வைப்பது என்பதுதான். எங்கள் வீட்டில் அவர் திருநெல்வேலி, நான் கோயம்புத்தூர். பால் பொங்கலா சர்க்கரைப் பொங்கலா, எத்தனை மணிக்குப் பானை வைப்பது என்று அங்கிருந்து அத்தை ஒன்று சொல்வார், இங்கிருந்து அம்மா வேறொன்று சொல்வார். சென்னை அடுக்குமாடி வீட்டில், ஒரே கேஸ் அடுப்பில், இரண்டு வழக்கத்தையும் விடாமல் வைக்க எங்களுக்குக் கைவந்த முறையை எழுதுகிறேன். பொங்கலே வைத்துப் பழக்கமில்லாதவர்களும் இதைப் பார்த்து வைக்கலாம்.

1. ஒரு வாரம் முன்பே பேசி விடுங்கள்

‘இது இல்லாவிட்டால் எனக்குப் பொங்கல் மாதிரியே இருக்காது’ என்று தோன்றுவதை ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். என்னுடையது காப்புக் கட்டு (போகியன்று வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டும் கொங்கு வழக்கம்). அவருடையது பல காய் போட்ட குழம்பு. காப்பு முதல் நாள் சாயங்காலம், குழம்பு மறுநாள் மதியம், அதனால் சண்டைக்கே இடமில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் இருக்கும். மோதுவது போலத் தெரிகிற வழக்கங்களைக் கொஞ்சம் விசாரித்தால் வேறு வேறு வேளையில்தான் வரும். நேரத்துக்கு மட்டும் நாள்காட்டித் தாளில் போட்டிருக்கும் நல்ல நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அம்மாக்களும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

2. வாங்க வேண்டியவை

தலைப்பொங்கல் என்றால் பெண் வீட்டிலிருந்து சீர் வரும். தென் மாவட்டங்களில் இதைப் பொங்கல்படி என்பார்கள். பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். வராவிட்டால், சென்னைக்காரர்களுக்குப் பொங்கலுக்கு முன் கோயம்பேட்டில் கூடும் சிறப்புச் சந்தை இருக்கிறது. மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, கரும்பு, கிழங்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கரும்பு வாங்கும்போது லிஃப்டை நினைத்துக்கொள்ளுங்கள். முழுக் கரும்பு உள்ளே நுழையாது, மாடிப்படியில்தான் தூக்க வேண்டும். ஒரு ஜோடி போதும்.

பானைக்கு வருவோம். வெண்கலப் பானையை அப்படியே பயன்படுத்தலாம். பித்தளை என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், பூச்சு தேய்ந்திருந்தால் அதில் சமைக்காதீர்கள். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்புதான் என்றால் வெண்கலமும் பித்தளையும் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எவர்சில்வர் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் வாய் குறுகலாக இருப்பது நல்லது. அகலமான பாத்திரத்தில் பால் பொங்கி வழியவே வழியாது.

3. போகி

பழையதை எரிக்க வேண்டாம். போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு. பழைய துணிகளை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டை ஒட்டடை அடித்தாலே போகி முடிந்தது.

சாயங்காலம் கொங்கு நாட்டுப் பக்கம் காப்புக் கட்டுவார்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, கூரைப்பூ (பூளைப்பூ) மூன்றையும் சின்னக் கொத்தாகச் சேர்த்து வாசல் நிலையிலோ கூரையிலோ செருக வேண்டும். அடுக்குமாடியில் ஓலைக் கூரையா இருக்கிறது செருகுவதற்கு? கதவின் கொக்கியில் நூலால் கட்டிவிடுங்கள், போதும்.

இரவே வாசலில் மாக்கோலம் போட்டுவிடலாம். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்துக் கரைத்து, சின்னத் துணியை முக்கி விரலிடுக்கில் மாவு வழியும்படி இழுக்க வேண்டும். காயக் காயத்தான் வெள்ளை எடுக்கும். ஈரத்தில் மங்கலாக இருக்கிறதே என்று மேலே மேலே பூசாதீர்கள். ஓரத்தில் செம்மண் கரை.

4. ஒரு பானை, இரண்டு பொங்கல்

நெல்லைக்காரருக்கு உப்பில்லாத வெள்ளைப் பொங்கல் வேண்டும், குழம்பு ஊற்றிச் சாப்பிட. எனக்கு இனிப்பு வேண்டும். இரண்டு பேருக்காக இரண்டு பானை ஏற்றினால் மூன்று நாளைக்கு மிஞ்சும். அதனால் ஒரே பானையில் பொங்கவிட்டு, வெந்தபின் பிரித்துக்கொள்கிறோம்.

ஒன்றரை லிட்டர் பானைக்கு அளவு: பச்சரிசி 200 கிராம், பால் 250 மில்லி, தண்ணீர் சுமார் 900 மில்லி. இனிப்புக்கு வெல்லம் 150 கிராம், பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, நெய் 3 மேசைக்கரண்டி, முந்திரி, திராட்சை, ஏலக்காய்.

அரிசியை ஒருமுறை கழுவிக் கொட்டிவிட்டு, இரண்டாவது முறை களைந்த கழுநீரைப் பிடித்து வையுங்கள். வெறும் தண்ணீருக்குப் பதில் அதைப் பாலோடு சேர்த்தால் நுரை நன்றாகக் கிளம்பும். பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டுங்கள். இலை நுனி தீயின் பக்கம் தொங்கக் கூடாது, மேலே தூக்கிக் கட்ட வேண்டும்.

அடுப்பைப் பெரிதாக வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதலில் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டும், ஏடு லேசாகச் சுருங்கும், அப்புறம் நடுவில் புடைத்து ஒரே மூச்சில் ஏறும். கரண்டியை உள்ளே விடாதீர்கள், கிளறினால் அடங்கிவிடும். வழிந்ததும் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லிக்கொண்டே தீயைக் குறையுங்கள். பால் வழிந்து பர்னர் அணைந்திருந்தால் உடனே கேஸை மூடி, ஜன்னலைத் திறந்து, துடைத்துவிட்டுப் பற்றவையுங்கள். இந்த அவசரத்தில் படம் எடுக்கிற வேலையை ஒருவரும் அடுப்பை மற்றவரும் பார்த்துக்கொள்வது உத்தமம்.

இரண்டு கரண்டித் தண்ணீரை மொண்டு தனியே வைத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக அரிசியைக் கையால் அள்ளிப் போடுங்கள். புது அரிசி சீக்கிரம் வெந்துவிடும், தண்ணீரும் குறைவாகத்தான் இழுக்கும். வற்றினால் மொண்டு வைத்ததை ஊற்றிக்கொள்ளலாம். பருப்பை லேசாக வறுத்துப் பக்கத்து பர்னரில் தனியே வேகவையுங்கள்.

அரிசியை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். இதில் மட்டும் அவசரம் கூடாது, வெல்லம் விழுந்த பிறகு அரிசி வேகாது. மசிந்ததும் பாதியை எடுத்து வேறு பாத்திரத்தில் மாற்றி, வெந்த பருப்பைச் சேருங்கள். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றுங்கள். பாகுப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம். சின்னத் தீயில் கிளறி, நெய்யில் முந்திரி திராட்சை வறுத்துக் கொட்டி, ஏலக்காய் தூவி இறக்குங்கள். பச்சைக் கற்பூரம் போடுவதானால் கடுகளவு போதும். அதற்கு மேல் போனால் கசக்கும்.

பானையில் மிச்சமிருப்பது வெள்ளைப் பொங்கல். இரண்டையும் வாழையிலையில் வைத்து, பால்கனியில் சூரியன் தெரிகிற பக்கமாகப் படைத்துவிடுங்கள்.

5. குழம்பு

சேனை, சேம்பு, சிறுகிழங்கு, வாழைக்காய், பூசணி, அவரை, மொச்சை எல்லாம் ஆளுக்கு இரண்டு துண்டு கணக்கில் வாங்கினாலே சட்டி நிறைந்துவிடும். சிறுகிழங்குதான் கொஞ்சம் படுத்தும். ஊரில் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் எடுப்பார்கள். கொஞ்சம்தான் என்றால் தண்ணீரில் ஊறவைத்துக் கத்தியால் சுரண்டிவிடலாம். கிழங்குகளை முதலில் போட்டு, பாதி வெந்ததும் மற்ற காய்கள், கடைசியில் பூசணி. அப்புறம் புளிக்கரைசல், சாம்பார்ப் பொடி, வெந்த துவரம்பருப்பு. புளியை முதலிலேயே ஊற்றினால் காய் வேக நேரமாகும்.

குழம்பு கட்டாயம் மிஞ்சும், மிஞ்ச வேண்டும். மாட்டுப் பொங்கலன்று அதைச் சின்னத் தீயில் சுண்ட வைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், முதல் நாளைவிட அதுதான் ருசி என்று அவர் சொல்வார். இந்த ஒரு விஷயத்தில் கோயம்புத்தூர்க்காரிக்கும் மறுப்பில்லை.