குடியை விட்டவருக்கு எந்தச் சுமை நல்லது? டெல்டா வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியை நிறுத்தியவர் இருக்கும் வீட்டுக்கு, காவிரி டெல்டா கிராமங்களில் இரண்டு விதமான அறிவுரைகள் வந்து சேர்கின்றன. "அவரை எதற்கும் தொந்தரவு செய்யாதீர்கள், மனசு கலங்கினால் மறுபடியும் கடைக்குப் போய்விடுவார்" என்பார்கள் சிலர். "பொறுப்பைத் தலையில் கட்டுங்கள், கஷ்டம் தெரிந்தால் தானாகத் திருந்துவார்" என்பார்கள் வேறு சிலர். முதல் அறிவுரையைக் கேட்ட வீட்டில் அவர் நாள் முழுதும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவதைக் கேட்ட வீட்டில் மூன்றே மாதத்தில் முறிந்து போகிறார்.

மன அழுத்தம் என்றாலே கெடுதல் என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் மன அழுத்த ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான ஹான்ஸ் சீலி, ஆளைச் சிதைக்கும் அழுத்தம் வேறு, ஆளை உசுப்பி இயங்க வைக்கும் அழுத்தம் வேறு என்று 1970களிலேயே பிரித்துக் காட்டினார். அளவான சவால் ஒன்று எதிர்ப்படும்போது அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன, நெஞ்சு வேகமாக அடிக்கிறது, கவனம் கூடுகிறது. சவால் முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்குகின்றன. இந்த ஏற்றமும் இறக்கமும் பலமுறை நிகழ்ந்த பிறகே, குடிக்காமலும் இதைக் கடக்க முடியும் என்ற நம்பிக்கை அனுபவமாகப் பதிகிறது. இறங்காமல் ஏறியபடியே நிற்கும் அழுத்தமோ தூக்கத்தையும் நிதானத்தையும் கெடுத்து, மறுபடி குடிக்கத் தூண்டும் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகிவிடுகிறது. பல ஆண்டுகள் குடித்தவரின் மூளையில் இந்த ஏற்ற இறக்க அமைப்பே தடுமாறியிருப்பதால், நிறுத்திய முதல் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்கள்கூட, மற்றவர் பொருட்படுத்தாத சின்ன விஷயமும் தாங்க முடியாத எரிச்சலாகத் தெரியும்.

நெல் சாகுபடி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. எப்போதும் தண்ணீரைக் கட்டி வைக்காமல், நீர் மறைந்து மண்ணில் மயிரிழை போல வெடிப்பு விடும் நேரத்தில் மறுபடி பாய்ச்சுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்கிறோம். வேர் ஆழ இறங்குகிறது, தூர் நன்றாகக் கட்டுகிறது. ஆனால் நட்ட பயிர் பச்சை பிடிக்கும் முன்பு எவரும் வயலைக் காய விடுவதில்லை. பூக்கும் பருவத்திலும் விடுவதில்லை. மறுபடி பாய்ச்சத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் காய விடுவதும் இல்லை. குடியை விட்டவர் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்தப் பருவக் கணக்கை மறப்பதால் வருபவை.

நடுக்கத்தை மன உறுதிக்கான சோதனையாக நினைப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் குமட்டலும் படபடப்பும் தொடங்கலாம். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், இடமும் நேரமும் புரியாமல் பிதற்றுவார்கள், உடம்பு கொதிக்கும். இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. காற்று கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்க அழைத்துப் போய் நேரத்தை இழந்துவிடும் குடும்பங்களும் இருக்கின்றன. இங்கே பல்லைக் கடித்துத் தாங்குவதால் எந்த உறுதியும் வளர்வதில்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்தை மருத்துவர் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். தயமின் என்ற பி1 வைட்டமினையும் கொடுப்பார். சரியாகச் சாப்பிடாமல் குடித்து வந்தவருக்கு அந்த வைட்டமின் குறைபாடு நினைவாற்றலையே நிரந்தரமாகப் பாதித்துவிடக்கூடும்.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடும் நாளையே குடியை நிறுத்தும் நாளாக வைத்துக்கொள்வோர் நம் பக்கம் ஏராளம். மாலை விரதத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவராகவே ஏற்றுக்கொண்ட சிரமம் அது. அதற்கு ஒரு கால எல்லை இருக்கிறது. விடியற்காலைக் குளியலும், நேரத்துக்குப் பூசையும், அளவான சாப்பாடும், கூடவே இருக்கும் சாமிகளின் துணையும் இருக்கின்றன. நல்ல அழுத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணத்தை நம் ஊரில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அன்றாடம் குடிப்பவர் மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துப் பாதுகாப்பாக நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொரு கோளாறு முடிவில் காத்திருக்கிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றைக்கே அவரைத் தாங்கி நின்ற ஏற்பாடு முழுவதும் ஒன்றாகக் கலைந்து போகிறது: சாமி என்று கூப்பிட ஆளில்லை, சாயங்கால பஜனை இல்லை, எழுந்திருக்க வேண்டிய நேரமும் இல்லை. இத்தனை நாள் இருந்தாயிற்றே என்ற தெம்பில் தொடங்கும் ஒரு குவார்ட்டர், பொங்கலுக்குள் பழைய கணக்குக்கு வந்துவிடுகிறது. விடியற்காலைக் குளியலையும் மாலை நேரச் சந்திப்பையும் தை மாதத்திலும் விடாமல் தொடர வேண்டும் என்று மாலை போடும்போதே குருசாமியிடமும் வீட்டாரிடமும் பேசி வைப்பது நல்லது.

திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில், சென்னையில் உள்ள டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை 1989 முதல் நடத்திய, குடியை நிறுத்துவதற்கான கிராமச் சிகிச்சை முகாம்களிலும் ஊராரின் ஆதரவு, குடும்பத்தாருக்கான ஆலோசனை, முகாமுக்குப் பிந்தைய தொடர் கவனிப்பு ஆகியவை சிகிச்சையின் பகுதியாகவே இருந்தன.

கால்கட்டுப் போடுவது

"கல்யாணம் ஆனால் சரியாகிவிடுவான்" என்று சொல்லி ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பணயம் வைப்பது பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அவனுடைய நலனை மட்டும் பார்த்தாலும் அது தவறான கணக்கு. கல்யாணம், புதுக் கடன், வெளிநாட்டு வேலை, வீடு கட்டுவது போன்றவை நடுவில் இறக்கி வைக்க முடியாத சுமைகள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய, குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில், முதல் ஓராண்டுக்குள் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்று மூத்தவர்கள் புதியவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

எந்த வேலையும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைப்பதும் சரியல்ல. சலிப்பும், தன்னை யாரும் நம்பவில்லை என்ற எண்ணமும் அவரைக் கடைப் பக்கம் தள்ளும். டொனால்டு மைக்கன்பாம் என்ற உளவியலாளர் 1970களில் வகுத்த பயிற்சி முறை, தடுப்பூசியைப் போல அழுத்தத்தைச் சிறு அளவில் கொடுத்துப் பழக்குவது. அழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதை முதலில் விளக்குவார்கள். அமைதியான சூழலில் அதைக் கையாளும் வழிகளைக் கற்றுத் தருவார்கள். அதன் பிறகே சிறிய சவாலிலிருந்து பெரிய சவாலுக்குப் போவார்கள். நம் வீட்டு நிலைக்கு இதை மாற்றிச் சொன்னால், முதலில் மாட்டைப் பார்த்துக்கொள்வது, காலையில் வரப்பைச் சுற்றி வருவது. சில வாரம் கழித்துத் தண்ணீர் முறைக்கு வாய்க்கால் தலைப்புக்குப் போய் அடுத்த பங்காளியிடம் பேசுவது. நடவுக்கூலி வாங்கிவந்து பட்டுவாடா செய்வது அதற்கும் பிறகு. கையில் பணம் புழங்கும் வேலையைக் கடைசியாக வைக்க வேண்டும். எதுவானாலும் அவரைக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே கொடுக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து வைப்பது இதற்கு நேர் எதிரானது. குடியை நிறுத்துவதற்காகக் கொடுக்கப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

கூட்டத்தில் உட்கார்ந்து தன்னைச் சோதிப்பது

மீண்டும் குடிக்க வைக்கும் சூழல்களை ஆராய்ந்த ஆலன் மார்லட், மனச்சோர்வும் கோபமும் போன்ற உணர்வுகள், உறவினரோடும் நண்பரோடும் வரும் சண்டை, கூட்டாளிகளின் வற்புறுத்தல் ஆகிய மூன்றுமே பெரும்பாலான சறுக்கல்களுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டார். காதுகுத்து வீட்டுக் கொல்லையில் கூட்டாளிகளோடு அமர்ந்து, "நான் வெறும் சுண்டல்தான் சாப்பிடுவேன்" என்று சொல்வது அந்த மூன்றில் ஒன்றுக்குள் போய் வேண்டுமென்றே உட்காருவது. மறுக்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். மனைவியோ மைத்துனரோ வற்புறுத்துபவராக நடிக்க, "வேண்டாம் மாமா, மருந்து சாப்பிடுகிறேன், ஒத்துக்காது" என்று ஒரே தொனியில், காரணத்தை நீட்டாமல், எழுந்து நின்று சொல்லிப் பழக வேண்டும். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் வாய்க்குப் பழகிய வாக்கியம்தான் பந்தலில் கை கொடுக்கும்.

எல்லாக் கஷ்டத்தையும் பாடம் என்று சொல்வது

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் ஒரு தலைமுறையாக வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. அப்படி இழந்தவரிடம் போய், துன்பம் உங்களை உறுதியாக்கும் என்று சொல்வது மரியாதையற்ற செயல். நல்ல அழுத்தத்துக்கு ஓர் எல்லையும், ஓரளவுக்கேனும் நம் கையில் பிடியும் வேண்டும். புயலுக்கும் கந்துவட்டிக்கும் அந்த இரண்டும் கிடையாது. அங்கே தேவைப்படுவது நிவாரணமும் கடன் தீர்க்கும் வழியும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பவையும் உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கும் இரவுகளை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மேகம் மூடுகிறது, சாக்கு வரவில்லை, தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு நெல் மேலேயே படுக்க வேண்டும், பக்கத்துக் குவியலில் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஆளை அனுப்புகிறார்கள். ஈரப்பதமும் மழையும் அவர் கையில் இல்லை. ஆனால் அந்த இரவை எப்படிக் கழிப்பது என்பதில் சிறிது அவர் கையில் இருக்கிறது. தம்பியோடு முறை வைத்துக் காவல் இருக்கலாம். சோறு கட்டி எடுத்துப் போகலாம். குடியை விட்ட இன்னொருவரின் எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஆசை கிளம்பும்போதே பேசலாம். குடிக்கும் ஆசை பெரும்பாலும் ஏறி, உச்சம் தொட்டு, தானாகவே இறங்கிவிடும் என்பதால், அந்த நேரத்தை நடந்தும் பேசியும் கடத்தினாலே போதும். நெல் போட்ட பணம் வங்கிக் கணக்கில் ஏறும் நாளையும் இதே கவனத்தோடு கடக்க வேண்டும். சந்தோஷமும் ஆளைக் குடிக்க அழைக்கும்.

இளைப்பாறலை மறப்பது பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு இந்த நான்கும் சேர்ந்த பொழுதில் புதுச் சவால் வேண்டாம். குடியை விட்ட பின் தூக்கம் சீராகப் பல வாரங்கள் ஆகலாம். அதுவரை ராக்காவல் வேலையைத் தவிர்ப்பது நல்லது. உடம்பை வருத்தினால் மனசு கெட்டிப்படும் என்று அக்னி நட்சத்திர வெயிலில் ஓடுவதும், கல்லீரல் பாதிப்போ சர்க்கரையோ உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடப்பதும் வேண்டாம்.

சறுக்கியதும் சுமையைக் கூட்டுவது

ஒரு நாள் குடித்துவிட்டால், "போனது போச்சு, இனி என்ன" என்ற எண்ணமும் குற்ற உணர்வும்தான் அந்த ஒரு நாளைப் பத்து நாளாக்குகின்றன என்று மார்லட் விளக்கினார். அந்த நேரத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துச் சத்தியம் வாங்குவது குற்ற உணர்வைத்தான் பெருக்கும். எந்த நேரத்தில், யாரோடு, என்ன நடந்த பிறகு குடிக்கத் தோன்றியது என்று மறுநாள் நிதானமாக உட்கார்ந்து பார்த்து, கடைசியாகக் கொடுத்த பொறுப்பைச் சில வாரங்களுக்கு எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்குச் சிகிச்சை உண்டு. சறுக்கல் பல நாட்கள் நீண்டுவிட்டால், மறுபடி நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும் என்பதால், போன முறை வீட்டிலேயே சமாளித்தோமே என்று எண்ணாமல் நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.