எக்செல் மட்டும் தெரிந்தவர்களுக்கு எஸ்க்யூஎல் சொல்லிக்கொடுப்பது எப்படி?

விற்பனை, கணக்கு, மனிதவளம் என்று பல துறைகளில் இருப்பவர்களுக்குத் தரவுத்தளமும், அதனிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? வரையறையில் தொடங்காதீர்கள். என் முதல் வகுப்பை அப்படித் தொடங்கி, பாதிப் பேரின் கவனத்தை முதல் பத்து நிமிடத்திலேயே இழந்தேன். இப்போது அவர்கள் தினமும் திறக்கும் எக்செல் கோப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

படி 1: டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் நிறுவுங்கள். எஸ்க்யூலைட் என்பது ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளம்; அதைத் திறந்து பார்க்கும் மென்பொருள் இது. இலவசம், சர்வரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். பெரிய சர்வர் மென்பொருள் எதையும் முதல் வகுப்பில் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 2: "எக்செல் போதாதா?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 மட்டுமே. 2020ல் இங்கிலாந்தில் அந்தப் பழைய வரம்பு தாண்டியதால் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நாளின் கணக்கில் ஏறாமல் விடுபட்டன. இதைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 3: ஆர்டர் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் தனித்தனி சிஎஸ்வி கோப்புகளாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்து இம்போர்ட் செய்யுங்கள். எஸ்க்யூஎல்லின் செலக்ட், வேர் கட்டளைகள் இரண்டையும் "ஃபில்டர் போடுவது" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

படி 4: ஜாயின், அதாவது இரண்டு பட்டியல்களை வாடிக்கையாளர் எண் போன்ற பொதுவான ஒன்றை வைத்து இணைப்பது. இங்கே அவசரப்படாதீர்கள்.

"எக்செலில் இன்னொரு பட்டியலிலிருந்து தகவலைத் தேடி எடுக்கும் வி-லுக்கப் மாதிரிதான்" என்று நான் சொல்லிவிட்டேன். அது தவறு. வி-லுக்கப் முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். ஜாயின் பொருந்தும் வரிகள் அத்தனையையும் கொண்டுவரும். வகுப்பில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு முகவரிகளோடு, ஒரே எண்ணில், இரண்டு முறை பதிவாகியிருந்தார். மொத்த விற்பனை கூடுதலாக வந்தது. கணக்குப் பிரிவிலிருந்து வந்த ஒரு அம்மாதான் கண்டுபிடித்தார்: "இந்தத் தொகை எங்கள் கணக்கோடு ஒத்துப்போகவில்லையே."

அன்றிலிருந்து கணினியைத் தொடும் முன் காகிதச் சீட்டுகள்தான். ஆர்டர் சீட்டு மூன்று, ஒவ்வொன்றிலும் 1,000. அதே எண்ணுள்ள வாடிக்கையாளர் சீட்டு இரண்டு. கையாலேயே ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு ஜோடி வரும், 3,000 என்பது 6,000 ஆகிவிடும். தாங்களே சேர்த்துப் பார்த்ததை மறக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒரு பழக்கம்: ஜாயினுக்கு முன்னும் பின்னும் கவுண்ட் போட்டு வரிகளை எண்ணுவது. ஆர்டர் வரிகள் கூடியிருந்தால், வாடிக்கையாளர் பட்டியலை எண் வாரியாகத் தொகுத்து (குரூப் பை), ஒன்றுக்கு மேல் வருபவற்றை மட்டும் (ஹேவிங் கவுண்ட்) கேட்டால் இரட்டைப் பதிவு வெளியே வந்துவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள்.

0071 போன்ற எண்ணில் முன்னால் உள்ள பூஜ்யங்கள் காணாமல் போகின்றன. சிஎஸ்வியை நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால், இம்போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் தரவு வகையைத் தானாகக் கண்டறிவதை நிறுத்துங்கள். அங்கேயே இல்லையென்றால் எக்செல் விழுங்கிவிட்டது. மூலக் கோப்புக்குத்தான் போக வேண்டும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. தொகை "1,200" என்று காற்புள்ளியோடு இருந்தால் எஸ்க்யூலைட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டும்போது 1 என்று மட்டும் சேர்க்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. சிஎஸ்வியாகச் சேமிக்கும் முன் அந்த நெடுவரிசையை எக்செலில் ஜெனரல் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.