டொலர் தட்டுப்பாட்டில் வெளிநாடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2022 மே மாதம் அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக வேலூருக்குப் புறப்பட இருந்தோம். விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் கையில், டொலர் மட்டும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 இலங்கை ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டிருந்தது. வெள்ளவத்தையில் தொடங்கி பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே பதில்: "வாங்குறம் தம்பி, விக்கிறதுக்கு இல்லை." பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான் தேடத் தொடங்கியிருந்தேன். மற்றப் பிழைகள் எல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் பிறந்தன.

தட்டுப்பாட்டுக் காலத்தில் டிக்கெட் போட்ட அன்றே வங்கிக்குப் போக வேண்டும். பயணச் செலவுக்கு வெளிநாட்டுக் காசு கேட்டால் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் பார்ப்பார்கள். உங்களைத் தெரிந்த கிளைக்கே முதலில் போங்கள். கையிருப்பே குறைவாக இருக்கும் நாட்களில், கணக்கில்லாத ஆளுக்கு எந்த முகாமையாளரும் தூக்கிக் கொடுக்க மாட்டார். கேட்கிற நாளிலேயே தாள் இருக்கும் என்றும் நினைக்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் எடுத்து வைக்க அவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.

சிகிச்சைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் முழுத் தொகையையும் தாளாகவே கொண்டுபோக அலைவதுதான் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற தவறு. ஆஸ்பத்திரி தரும் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தையோ பல்கலைக்கழகத்தின் கட்டணக் கடிதத்தையோ வங்கியில் கொடுத்து, பணத்தை நேரே அவர்களின் கணக்குக்கு அனுப்பக் கேட்கலாம். பெரிய தொகை அப்படிப் போய்விட்டால், கையில் வேண்டியது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஓட்டோவுக்கும்தான். இது தெரியாமல் நோயாளியையும் வைத்துக்கொண்டு கட்டுக்கட்டாய்த் தாள் தேடிய குடும்பங்கள் எத்தனையோ.

நானும் தேடினேன். கொழும்புக் கோட்டையில் ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணை, டொலர் வேணுமே?" என்று மெதுவாய்க் கேட்டார். வங்கி விலையைவிட அதிகம்தான். அம்மாவை நினைத்துக்கொண்டு எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். வேலூரில் காசு மாற்றுகிற கடைக்காரர் என் நூறு டொலர் தாள்களை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றின் ஓரத்தில் பெருவிரல் நகம் அளவுக்கு ஊதா மையில் யாரோ குத்திய முத்திரை. இன்னொன்று, நீலப் பட்டி இல்லாத பழைய வகை. இரண்டையும் மேசைமேல் என் பக்கமாய்த் தள்ளிவிட்டார். யாரிடம் போய்க் கேட்பது? பற்றுச்சீட்டு இல்லை, விற்ற ஆளின் பெயரும் தெரியாது.

2013 ஒக்டோபரில் வெளிவந்த, நீலப் பட்டி கொண்ட நூறு டொலர் தாளையே கேட்டு வாங்குங்கள். பழையதும் அமெரிக்காவில் செல்லும்தான், ஆனால் நம் பக்கத்து நாடுகளில் பல கடைகள் எடுக்காது, எடுத்தாலும் விலையைக் குறைக்கும். கிழிசல், எழுத்து, முத்திரை, அழுத்தமான மடிப்பு இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெருவில் வாங்குவது சட்டப்படியும் பிழை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வங்கிகளிடமும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநர்களிடமும்தான் வாங்கலாம். அனுமதி பெற்றவர்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. உண்டியலும் அப்படித்தான். "இங்க ரூபாவைக் குடு, அங்க என்ர ஆள் தருவார்" என்பது நம் ஆட்களுக்குப் பழக்கப்பட்ட வழி என்பதால் குற்றமாகவே தோன்றுவதில்லை. அந்த ஆள் போனை எடுக்காவிட்டால், போகிற ஊரில் கையில் ஒரு சதமும் இல்லாமல் நிற்பீர்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தம் உதவத் தயார் என்றால், வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்று திறந்து அதற்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அலுமாரிக் காசையும் புறப்பட முன் ஒருதரம் பாருங்கள். போன முறை இந்தியாவால் வந்தபோது மிஞ்சியது என்று சின்னம்மா ஒரு கடித உறை நிறைய இந்திய 2000 ரூபாத் தாள்களைப் பத்திரமாய் வைத்திருந்தார். அதை 2023 மே மாதம் இந்திய ரிசர்வ் வங்கி புழக்கத்திலிருந்து மீளப் பெற்றுவிட்டது. அந்த ஒக்டோபருக்குப் பிறகு சாதாரண வங்கிக் கிளைகளில் மாற்றவும் முடியாது. லண்டன் மாமா தந்துவிட்டுப் போன பவுண் என்றால், 20, 50 கடதாசித் தாள்கள் 2022 செப்டெம்பர் 30உடன் கடைகளில் செல்லாமல் போயின. இப்போது அங்கே புழங்குவது பிளாஸ்டிக் தாள். இந்திய ரூபாவை இங்கிருந்தே கொண்டுபோகிறவர்கள், விமான நிலையம் வழியாக நுழையும் வெளிநாட்டவர் 25,000 ரூபா வரைதான் கொண்டுசெல்லலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலைப்பலகையில் பலர் பார்ப்பது தங்களுக்குரிய நிரலை அல்ல. "வாங்கும் விலை" என்பது கடை உங்களிடம் வாங்குகிற விலை. நீங்கள் பார்க்க வேண்டியது "விற்கும் விலை". வாங்குவது 298, விற்பது 306 என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் டொலருக்கு 8,000 ரூபா வித்தியாசம். கட்டுநாயக்கவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் வேண்டாம். விமானம் ஏறப்போகிற நேரத்தில் அங்கே இருப்பதைத்தான், அவர்கள் சொல்கிற விலைக்கு வாங்க முடியும்.

கடனட்டையை மட்டும் நம்பிப் போவதும் ஆபத்து. வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு என்று வங்கியிடம் முன்பே கேளுங்கள். தட்டுப்பாடு வந்தால் வங்கிகள் முதலில் கைவைப்பது அந்த எல்லையில்தான். கடனட்டையில் ஏ.டி.எம்.மில் காசு எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். கடையில் கார்ட் மெஷின் "இலங்கை ரூபாவிலா, உள்ளூர்க் காசிலா" என்று கேட்டால், உள்ளூர்க் காசையே அழுத்துங்கள். இலங்கை ரூபாவை அழுத்தினால் மாற்று வீதத்தை உங்கள் வங்கி தீர்மானிக்காது, அந்த மெஷின்காரர்தான் தீர்மானிப்பார். அது அநேகமாய் உங்களுக்கு நட்டம்.