பார்ட்னர் விசா மறுப்பு, குடும்ப வன்முறைப் புகார்: கோர்ட்டுக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் கணவன், மனைவி அல்லது துணை என்ற உறவை வைத்துக் கேட்கும் பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு குடும்ப வன்முறையால் உறவு முறிந்தாலும், விசா கிடைக்க வழி உண்டு. 1994ஆம் ஆண்டு குடியேற்ற விதிகளில் அதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உள்துறை மறுத்து, அந்த முடிவை மறுபடி பரிசீலிக்கும் தீர்ப்பாயமும் கைவிரித்தால் அடுத்தது ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட்டின் இரண்டாம் பிரிவு.

“நடந்ததை நீதிபதியிடம் சொன்னால் புரிந்துகொள்வார்” என்று நம்பிப் போவதுதான் பெரிய தவறு. உங்கள் துணை அடித்தாரா இல்லையா என்று கோர்ட் விசாரிக்காது. தீர்ப்பாயம் சட்டப்படி முடிவெடுத்ததா என்று மட்டும் பார்க்கும். புதிய டாக்டர் அறிக்கை பொதுவாக எடுபடாது. ஜெயித்தாலும் விசா கைக்கு வராது, விஷயம் தீர்ப்பாயத்துக்கே திரும்பும்.

மறுத்த காரணத்தைப் படிக்காமல் மனு எழுதுவது அடுத்தது. திருமண உறவே உண்மையானதல்ல என்று தீர்ப்பாயம் சொல்லியிருந்தால், வன்முறையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி என்ன பயன்?

கோர்ட் உத்தரவு போன்றவை இல்லாத புகாரில் தீர்ப்பாயத்துக்குத் திருப்தி வராவிட்டால், சுயேச்சை நிபுணரிடம் அனுப்பியாக வேண்டும். அந்த நிபுணரின் கருத்தைத் தீர்ப்பாயம் சரியென்று ஏற்றாக வேண்டும். அதனால் “நிபுணர் சொன்னது தப்பு” என்று மட்டும் எழுதினால் வாதம் நிற்காது. அவர் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார் என்று பாருங்கள். தன் நலனுக்கோ பாதுகாப்புக்கோ நியாயமாக அஞ்ச வைக்கும் நடத்தை போதும் என்கிறது விதி. மிரட்டலும் அதில் அடங்கும். உடம்பில் காயம் இல்லை, போலீசுக்குப் போகவில்லை என்பதோடு அறிக்கை முடிந்துவிட்டதா? எதிர்த்தரப்பு தந்த தகவலை உங்களிடம் சொல்லாமலே உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தினாரா? வக்கீல் தேடுவது இதைத்தான்.

கோர்ட்டில் மனு போடக் கெடு 35 நாள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பாய முடிவின் தேதியிலிருந்து. தவறவிட்டால் காரணத்தோடு எழுத்தில் நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் கொடுப்பது கோர்ட்டின் விருப்பம். முடிவு வரும்வரை தங்கியிருக்கத் தரும் தற்காலிக பிரிட்ஜிங் விசாவும் தானாகத் தொடரும் என்று இருந்துவிடாதீர்கள், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்புறம், வக்கீலாக இல்லாத மைக்ரேஷன் ஏஜென்ட் கோர்ட்டில் உங்களுக்காக வாதாட முடியாது. தோற்றால் அரசுத் தரப்பின் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஆகவே மனு போடும் முன்பே, எந்தச் சட்டப் பிழையை வைத்து வாதாடப் போகிறார் என்று வக்கீலிடம் எழுதி வாங்குங்கள்.