பழைய லேப்டாப் அடிக்கடி நின்றுபோகிறதா? ஃபார்மட் போடும் முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் பதினோரு வயது லேப்டாப் ஒன்று இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பொட்டென்று அணைய ஆரம்பித்தது. முதல் கடையில் ஃபார்மட் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே மறுபடி அணைந்தது. இரண்டாவது கடையில் "போர்டு போயிடுச்சு சார், புதுசா வாங்கிடுங்க" என்றார்கள், அதாவது உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு. மனசு கேட்காமல் அடிமூடியைக் கழற்றினேன். ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) நடுவே தூசி பஞ்சு மெத்தை போல அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. இதையும் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாருக்கும் தூசிதான் காரணமாக இருக்கும் என்று சொல்லவில்லை. எப்படி நிற்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

படி 1: முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

ஃபோட்டோ, சான்றிதழ், அலுவலகக் கோப்பு எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். காரணம் படி 4-இல் புரியும்.

படி 2: எப்படி நிற்கிறது?

கரண்ட் போனது போலச் சட்டென்று அணைந்தால் சூடு, பேட்டரி, சார்ஜர் ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படலாம். நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆனால் ரேம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்), டிஸ்க் பக்கம் பாருங்கள். மவுஸ் மட்டும் நகர்ந்து, கிளிக் செய்தது எதுவும் திறக்காமல் நிமிடக்கணக்கில் உறைந்து நின்றால், பழைய ஹார்ட் டிஸ்க்தான் என் முதல் சந்தேகம்.

ஒரு தாளில் நாள், நேரம், அப்போது என்ன ஓடியது, சார்ஜர் செருகியிருந்ததா என்று குறித்து வாருங்கள். நான்கைந்து முறை குறித்தாலே ஒரு ஒழுங்கு தெரியும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் அடித்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியான வரைபடத்தில் சிவப்புக் குறி உள்ள நாளைத் தொட்டால் என்ன விழுந்தது என்று காட்டும். விண்டோஸின் விரிவான பதிவேடான ஈவன்ட் வியூவருக்குள் போகிறவர்கள் 'கெர்னல் பவர் 41' என்ற வரியைப் பார்த்துவிட்டு பவர் பகுதிதான் போச்சு என்று பயப்படுவார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அந்த வரிக்கு வேறு அர்த்தம் இல்லை. ஏன் நின்றது என்று அதற்கும் தெரியாது.

நீலத்திரை படிப்பதற்குள் மறைந்துவிடுகிறதா? ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் திறந்து, அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரி என்று போய் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று இருந்தால் ரேமிலிருந்து தொடங்குங்கள். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றால் டிஸ்க்கிலிருந்து.

படி 3: சூடு

எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு ஒரு வீடியோவை ஓட விடுங்கள். அது சில்லின் (பிராசசரின்) சூட்டைக் காட்டும். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சில்லுகளுக்கு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே எல்லை. அதை நெருங்கும்போது சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். சும்மா இருக்கும்போதே 80, வீடியோ ஓடினால் 95 என்று காட்டினால் ஆளைப் பிடித்தாயிற்று.

சுத்தம் செய்யும்போது சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். வெளியே காற்று வரும் துளை வழியாக ப்ளோயர் அடிப்பது வீண்வேலை, தூசி உள்ளே ஃபேன் பக்கம்தான் போகும். மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கை சுழலாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள். ஹீட் சிங்க்கைக் கழற்றத் துணிந்தால், சில்லுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே காய்ந்துபோயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக மிளகு அளவு வையுங்கள். கை நடுங்குகிறவர்கள் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுக்கலாம், தப்பில்லை.

மூடி திறந்திருக்கும்போதே பேட்டரியையும் பாருங்கள். உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ அந்த பேட்டரியை இனி சார்ஜ் செய்யக் கூடாது. குத்துவதோ அழுத்துவதோ தீப்பிடிக்க வழி. நல்ல பேட்டரி போலத் தெரிந்தாலும், சார்ஜரைப் பிடுங்கிய நொடியே லேப்டாப் அணைந்தால் அது முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: டிஸ்க்

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் நன்றாக இருந்தால் 'குட்' என்று நீலத்தில் வரும். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் டிஸ்க்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். உடனே முழு டிஸ்க்கையும் ஸ்கேன் செய்யக் கொடுத்துவிடுகிறார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் படிக்க வைத்தால் அந்த ஓட்டத்திலேயே போய்விடக்கூடும். படி 1-ஐ முதலில் வைத்தது அதனால்தான். இதற்கு ரிப்பேர் கிடையாது, ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) வாங்கி மாற்றுங்கள். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் சாட்டா என்ற இணைப்பு வகையில் இரண்டரை அங்குல டிஸ்க்தான் இருக்கும், அதே அளவும் இணைப்பும் உள்ள எஸ்எஸ்டி அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வேகமும் கூடும்.

படி 5: ரேம்

ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி செருகுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பல முறை வேலை செய்யும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்'கைத் தேடி ஓட விடுங்கள். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் அந்த ரேமை மாற்றத்தான் வேண்டும்.

படி 6: குற்றவாளி விண்டோஸா, இயந்திரமா?

எனக்குப் பிடித்த சோதனை இது. வேறொரு கணினியில், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இந்த லேப்டாப்பை அதிலிருந்தே பூட் செய்யுங்கள் (தொடங்குங்கள்). எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். இரண்டு மணி நேரம் வீடியோ பாருங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு பெரும்பாலும் வன்பொருளில்தான், ஆகவே ஃபார்மட் போட்டுப் பயனில்லை. அங்கே நிற்காமல் ஓடினால் விண்டோஸ், டிரைவர், டிஸ்க் இவற்றில் ஒன்று. கடைசியாக மாறிய டிரைவரை டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்து, அதாவது முந்தைய பதிப்புக்கே திருப்பிப் பாருங்கள். டிஸ்க் நன்றாக இருந்து டிரைவரும் காரணம் இல்லையென்றால், இப்போது தாராளமாக ஃபார்மட் போடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால் அந்த மின்ட்டையே நிரந்தரமாகப் போட்டுக்கொள்வதையும் யோசியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் நின்றால் பெரும்பாலும் சார்ஜரோ போர்டோதான். கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.