கார ஓஃப் பண்ணின கையோட பெற்றோல் பிரஷர் இறங்குதா? பம்ப மாத்த முந்தி இந்த பிழைகள விடாதீங்க

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் பழைய ஸ்டார்லட், சிவிக், லான்சர் எல்லாம் டர்போ போட்டோ எஞ்சின் மாத்தியோ ஓடுற பொடியன்மார் இப்ப கன பேர், 2020ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினதுக்கு பிறகு கையில இருக்கிறதையே பிரிச்சு பூட்டி ஓடினவங்கதான் கூட. இவங்க அடிக்கடி கேக்கிற ஒரு விஷயம், ஓடக்க ஒரு பிரச்சினையும் இல்ல, ஆனா ஓஃப் பண்ணினதும் பெற்றோல் பிரஷர் கேஜ் முள்ளு விறுவிறெண்டு கீழ வருது, திரும்ப ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிச்சுக்கொண்டே இருக்க வேண்டி இருக்கு, பம்ப் போயிட்டுதா எண்டு.

இதுக்கு உடன புது பம்ப் வாங்கிறதுதான் முதல் பிழை, காசும் கூட போற பிழை. எஞ்சின் நிண்ட பிறகு லைனுக்குள்ள பிரஷர பிடிச்சு வச்சிருக்கிறது மூண்டு இடம்: பம்போட வாய்ல இருக்கிற ஒருவழி வால்வ், பிரஷர அளவா வச்சிருக்கிற ரெகுலேட்டருக்குள்ள வால்வ் உக்காந்து அடைக்கிற சீட், எஞ்சினுக்குள்ள பெற்றோல் அடிக்கிற இன்ஜெக்டர்ட நுனி. மூண்டில எது விட்டாலும் கேஜில தெரியிறது ஒரே மாதிரித்தான், அதால கேஜ மட்டும் பாத்து இதுதான் பிழை எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

அதுக்கு முந்தி இது உண்மையா பிழையா எண்டு பாருங்க. டொயோட்டா ரிப்பேர் புத்தகங்கள் கனத்தில போட்டிருக்கிற கணக்கு, எஞ்சின் ஓஃப் ஆகி 5 நிமிஷத்துக்கு பிறகும் 147 கிலோபாஸ்கல், அதாவது 21 பிஎஸ்ஐ அளவு நிக்க வேணும் எண்டுதான், ஓடக்க இருந்த பிரஷர் அப்பிடியே நிக்க வேணும் எண்டு இல்ல. ராத்திரி விட்டுட்டு காலையில பாத்தா பூச்சியம் காட்டுது எண்டு பயப்பிடுறதில அர்த்தம் இல்ல, எஞ்சின் ஆற லைனுக்குள்ள இருக்கிற பெற்றோலும் சுருங்கும், பிரஷர் இறங்கத்தான் செய்யும். ஓஃப் பண்ணி சில செக்கனுக்குள்ள விழுந்தா அது வேற கதை.

மொடிஃபை பண்ணின காருக்கு இன்னொண்டும் இருக்கு, இத கன பேர் யோசிக்கிறதே இல்ல. வெளியில வாங்கி பூட்டுற அட்ஜஸ்ட் பண்ணுற ரெகுலேட்டர் கனக்க, எஞ்சின் நிண்ட பிறகு பிரஷர பிடிக்கிறதுக்கெண்டு செய்ததே இல்ல, கூடின பெற்றோல டேங்குக்கு திரும்பி போற ரிட்டர்ன் லைனால விடுறதுதான் அதுட வேலை. சில ரேஸ் பம்பில ஒருவழி வால்வே கிடையாது. அப்பிடி சாமான் பூட்டியிருந்தா பிரஷர் விழுறது பழுதில்ல, அது அந்த சாமான்ட குணம். அதுக்கு செய்ய வேண்டியது ஈசியூல, அதாவது எஞ்சின நடத்துற கம்ப்யூட்டரில, ஹால்டெக், லிங்க் மாதிரி வெளியில வாங்கி பூட்டினது எண்டா, சாவி போட்டதும் பம்ப் ஓடுற பிரைம் நேரத்த கொஞ்சம் கூட்டிறதுதான், ஒரு 3 செக்கன், பெரிய லைன் எண்டா 5. இது தெரியாம லைனில தனியா ஒரு ஒருவழி வால்வ் வாங்கி போடுறவங்க இருக்கிறாங்க, ஆனா பெற்றோல் ரெகுலேட்டரால ரிட்டர்னுக்கு போற காரில பம்ப் பக்கத்த அடைச்சு என்ன பிரயோசனம், பிரஷர் அங்கால போய்க்கொண்டேதான் இருக்கும்.

சரி, எந்தப் பக்கத்தால போகுது எண்டு பிடிக்கிறது எப்பிடி? ஒராள் சாவிய போட பம்ப் ரெண்டு மூண்டு செக்கன் ஓடி நிக்கும், அந்த சத்தம் நிண்ட கையோட ரிட்டர்ன் லைன்ட ரப்பர் துண்ட வட்ட வாய் கிளம்பால நெரிச்சு பிடிங்க. முள்ளு நிண்டா ரெகுலேட்டர். நிக்காட்டி திரும்ப பிரைம் பண்ணி பம்பில இருந்து வாற லைன நெரிங்க, இப்ப நிண்டா பிழை பம்ப் வால்விலயோ டேங்குக்குள்ள இருக்கிற ஹோஸிலயோதான். ரெண்டையும் நெரிச்ச பிறகும் விழுதெண்டா இன்ஜெக்டர், இல்லாட்டி வெளியில எங்கயோ ஒழுகுது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கக்க ரிட்டர்ன நெரிக்கிறது பெரிய பிழை, பெற்றோலுக்கு போக வழி இல்லாம பிரஷர் தாறுமாறா ஏறி ஹோஸ் கழண்டு அடிக்கும். வெளியில கம்பியோ நூலோ பின்னின ஹோஸயும் பிளாஸ்டிக் லைனயும் நெரிக்கவே கூடாது, உள்ளுக்க உடைஞ்சிடும், அதுக்கு பெற்றோலுக்கு தாங்கிற வால்வ் ஒண்ட இடையில போட்டுத்தான் பாக்க வேணும். 2000க்கு பிறகு வந்த கார் கனத்தில ரெகுலேட்டர் டேங்குக்குள்ளயே இருக்கும், ரிட்டர்ன் லைன் முன்னுக்கு வராது, அதுக்கு இந்த முதல் சோதனை சரிவராது.

கல்முனை பக்கம் ஒரு பொடியன்ட சிவிக்கில ரெண்டு தரம் பம்ப் மாத்தியும் அதே பிரச்சினை. கடைசியா ரெகுலேட்டர கழட்டி பாத்தா சீட்டில ஒரு கறுத்த ரப்பர் சீவல், நகக்கண்ணில ஒட்டுற அளவு, பின்னின ஹோஸ் வெட்டின நேரம் உள்ளுக்க விழுந்தது. ஹோஸ் வெட்டினா கழுவி காத்தடிச்சிட்டுத்தான் பூட்ட வேணும். ஹோஸ் பூட்டுற ஏஎன் எண்ட வகை ஃபிட்டிங்கில தண்ணிக் குழாய்க்கு சுத்திற வெள்ளை டேப் சுத்திறதும் இதே கேடுதான், அந்த ஃபிட்டிங் 37 பாகை சரிவில உலோகத்தோட உலோகம் உக்காந்து அடைக்கிற சாமான், டேப் பிஞ்சு போய் இன்ஜெக்டரில அடைக்கும். டேங்குக்குள்ள சாதாரண பெற்றோல் ஹோஸ் போட்டு விடுறவங்களும் இருக்கிறாங்க, பெற்றோலுக்குள்ள முழுக்க அமிழ்ந்து கிடக்கிறதுக்கு எஸ்ஏஇ 30ஆர்10 எண்டு போட்டதுதான் வேணும், மற்றது ஊறி வெடிச்சு டேங்குக்குள்ளயே ஒழுகும், வெளியில ஒரு சொட்டும் தெரியாது.

ரெகுலேட்டர்ட வெக்கூம் ஹோஸ கழட்டி மணந்து பாக்க ஒரு நிமிஷம் போதும், அதுக்குள்ள ஈரமா பெற்றோல் இருந்தா ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு, டயஃப்ரம், கிழிஞ்சிருக்கு, வேற சோதனை ஒண்டும் தேவையில்ல. எண்ணெய் நிரப்பின கேஜ எஞ்சின் பக்கத்தில பூட்டியிருந்தா சூட்டில அது குறைச்சு காட்டும், நம்மட வெயிலுக்கு இன்னும் கூட, அத மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க.

இதில நான் உண்மையா பயப்பிடுறது இன்ஜெக்டர் ஒழுகிறதுக்குத்தான். மற்ற ரெண்டும் கரைச்சல், இது எஞ்சினயே தின்னும். எப்பிடி விளங்கும் எண்டா, சூட்டோட ஸ்டார்ட் பண்ணக்க அக்சிலேட்டர மிதிச்சாத்தான் பிடிக்கும், பிடிச்சதும் கறுப்பு புகை, ஒயில் குச்சிய மணந்தா பெற்றோல். சும்மா கன நேரம் செல்ஃப் அடிச்சு, சாவிய ரெண்டு தரம் போட்டு எடுத்தா உடன பிடிக்குதெண்டா பெற்றோல் டேங்குக்கு திரும்பி போகுது எண்டு எடுக்கலாம். சந்தேகம் எண்டா இன்ஜெக்டர் எல்லாம் பூட்டியிருக்கிற பெற்றோல் குழாய், அதாவது ரெயிலோட இன்ஜெக்டர தூக்கி கீழ வெள்ளைக் கடதாசி விரிச்சு பிரைம் பண்ணி பாருங்க, நனையிற வட்டம் எதுக்கு கீழ வருதோ அதுதான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில மாசக்கணக்கா நிண்ட கார்களில இது கூட, பெற்றோல் காஞ்சு பிசின் பிடிச்சு நுனி முழுசா மூடாது. கழுவி பாக்கலாம், கழுவியும் சொட்டினா மாத்தத்தான் வேணும்.

லைன் கழட்ட முந்தி பம்ப் ஃபியூஸ கழட்டி எஞ்சின தானா நிக்க விடுங்க, பேட்டரி வயரயும் எடுங்க, கண்ணுக்கு கண்ணாடி போடுங்க. வீட்டு முத்தத்தில பின்னேரம் வேலை செய்யிறவங்க பக்கத்தில நுளம்புத்திரி எரியுதா, அடுப்பு எரியுதா எண்டு பாத்துட்டு தொடங்குங்க, சின்னாக்கள உள்ளுக்க அனுப்புங்க, தீயணைக்கிற சிலிண்டர் கைக்கு எட்டிற தூரத்தில இருக்கட்டும்.